ஓடையைச் சோதித்த கதை: குழாய் மேல் போட்ட பழி

தினமும் நடக்கப் போகும் வழியில் ஒரு சிற்றோடை இருக்கிறது. அகலம் இரண்டரை மீட்டருக்குள். கோடையிலும் வற்றாது. ஓரிடத்தில் சாலைப் பக்கமிருந்து வரும் சிமென்ட் குழாய் ஒன்று அதற்குள் வாய் திறந்து நிற்கும். மழை பிடித்தால் அதிலிருந்து கறுப்பாக ஏதோ வழியும். அந்தக் குழாய்க்குக் கீழே ஓடை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கிறது என்று நான் முழுசாக நம்பினேன். புகார் எழுதுவதற்கு முன் கையில் கணக்கு இருக்கட்டும் என்றுதான் இந்தச் சோதனையில் இறங்கினேன். பத்து மாதம் ஓடிவிட்டது. அந்தப் புகாரை நான் இன்னும் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் நினைத்தது எளிது: நீரைப் பாட்டிலில் பிடிப்பது, சோதிப்பது, எண்ணைக் குறிப்பது. ஆனால் நான் பதினோரு மணிக்குப் பிடித்தால் அது பதினோரு மணி நீர். பத்தரைக்கு ஏதாவது கலந்து போயிருந்தால் அது என் பாட்டிலுக்குள் வராது. ஓடையிலேயே குடியிருக்கும் சிற்றுயிர்கள் அப்படியில்லை. மேஃபிளை, ஸ்டோன்ஃபிளை, கேடிஸ்ஃபிளை போன்ற பூச்சிகளின் இளம்பருவம் முழுக்க நீருக்கடியில்தான். சில வாரம் முதல் ஓராண்டுக்கு மேல் வரை அங்கேயே கிடக்கும். நள்ளிரவில் எதைத் திறந்துவிட்டாலும் அவை அதைக் குடித்துத்தான் ஆக வேண்டும். ஆகவே நீரையும் பார்ப்பது, ஆட்களையும் எண்ணுவது என்று முடிவானது. உதவிக்கு என் மகள். பள்ளி இறுதியில் படிக்கிறாள். என்னைவிடக் கண் கூர்மை, பொறுமையும் அதிகம்.

வலை

இரண்டு மூங்கில் கழிகளுக்கு நடுவே ஒரு மீட்டர் அகலத்துக்குக் கொசுவலைத் துணியைத் தைத்து, அடியில் கனமாக இருக்கச் சின்னச் சங்கிலி கோத்தேன். பார்க்க அருமையாக இருந்தது. ஓடையில் இறக்கினால் நீர் தடையே இல்லாமல் போனது. அங்கேதான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கொசுவலைக் கண் ஒரு மில்லிமீட்டருக்கும் பெரிது. கொசு பெரிய உடம்புக்காரன், அவனை நிறுத்தும். ஆனால் இரண்டு மூன்று மி.மீ. நீளமும் நூல் பருமனும் உள்ள குட்டிப்புழுவை நிறுத்தாது. தட்டில் விழுந்தது எல்லாம் பெரிய ஆட்கள் மட்டுமே. முதல் நாள் கணக்கு மொத்தமும் குப்பைக்குப் போனது.

அடுத்து அரை மி.மீ. கண் உள்ள நைலான் வடிகட்டித் துணி போட்டேன். இதில் வேறு தொல்லை. வண்டல் சீக்கிரம் அடைத்துக்கொள்கிறது, அடைத்ததும் நீர் வலையின் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போகிறது, பூச்சியும் அதோடு போகிறது. நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கி அலசினால் சமாளிக்கலாம். கண் அளவை ஒருமுறை முடிவு செய்தால் கடைசி வரை மாற்றக் கூடாது. மாற்றினால் பழைய எண்ணோடு புதிய எண்ணை வைத்துப் பார்க்க முடியாது.

மற்றவை அதிகம் இல்லை: வெள்ளை நிறப் பிளாஸ்டிக் தட்டு இரண்டு, மழுங்கிய முனை இடுக்கி, சொட்டுக்குழல், பத்து மடங்கு லென்ஸ், ஐஸ் உறைய வைக்கும் குழித்தட்டு. இந்தக் குழித்தட்டு மகளின் யோசனை. ஒவ்வொரு குழியிலும் ஒரு வகையைப் போட்டுவிட்டால் ஒன்றையொன்று தின்னாது, எண்ணவும் வசதி. தும்பி இளவுயிரை மற்றவற்றோடு ஒரே தட்டில் அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள், அதற்குள் விருந்தே முடிந்திருக்கும்.

இரண்டாம் நாள் தவறுகள்

குழாய்க்கு மேலே ஓரிடம், நல்ல தூரம் கீழே ஓரிடம் என்று தேர்ந்தெடுத்தேன். இனி அவற்றை மேலிடம், கீழிடம் என்றே சொல்கிறேன். இரண்டுக்கும் நடுவே குழாயைத் தவிர இன்னொன்றும் இருந்தது. குழாயிலிருந்து நாற்பது மீட்டர் கீழே ஒரு மண்பாதை ஓடையைக் குறுக்காகத் தாண்டுகிறது. வண்டிகள் நீருக்குள் இறங்கி ஏறும். குறிப்பேட்டில் அதைப் படமாக வரைந்தேன், அதற்கு மேல் யோசிக்கவில்லை. குற்றவாளி யார் என்று முடிவு செய்துவிட்டு வந்தவன் கண்ணில் வேறு யாரும் படுவதில்லை.

செய்த முதல் தவறு, மேலிடத்தில் தொடங்கியது. அங்கே காலால் கிளறிய மண்ணும் பூச்சியும் மிதந்து கீழிடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. எப்போதும் கீழே தொடங்கி நீரோட்டத்துக்கு எதிராக மேலேறிப் போக வேண்டும். இரண்டாவது, மேலிடத்தில் கல்மேல் நீர் சலசலத்து ஓடும் பகுதியில் வலை போட்டேன், கீழிடத்தில் வசதியாக இருந்ததென்று மடுவில் போட்டேன். மடுவில் வாழ்பவர் வேறு, சலசலப்பில் வாழ்பவர் வேறு. மடுவில் ஸ்டோன்ஃபிளை இல்லை என்பதற்கு எந்த அர்த்தமும் இல்லை. இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு “பார்த்தாயா, குழாய் வேலையைக் காட்டிவிட்டது” என்று மகளிடம் சொன்னது நினைவிருக்கிறது. அவள் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு, “அப்பா, ரெண்டு இடத்துலயும் ஆழம் ஒண்ணா இல்லையே” என்றாள்.

ஆகவே மூன்றாம் முறை. இரண்டு இடத்திலும் சலசலப்புப் பகுதியே, ஆழமும் கல்லின் அளவும் வெயிலும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும்படி தேடிப் பிடித்தோம். பெருமழை பெய்தால் இரண்டு வாரமாவது பொறுத்தோம். வெள்ளம் அடித்துப்போன மறுநாள் எண்ணினால் வெள்ளத்தைத்தான் எண்ணுகிறோம்.

செய்முறை இதுதான். ஒருவர் வலையை நிமிர்த்தி, அடிப்பகுதி படுகையோடு ஒட்டும்படி பிடித்துக்கொள்வார். மற்றவர் வலைக்கு மேல்பக்கம் நின்று ஒரு மீட்டர் சதுரத்தில் காலால் கல்லைக் கிளறுவார், பெரிய கல்லைக் கையால் தேய்த்து விடுவார். இடத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு ஒரு நிமிடம். கடைசியாக ஒரு நிமிடம் கரையோர வேர், இலைக்குவியல் இவற்றில் கையால் தேடுவது. எல்லாம் தட்டில் கொட்டி, வகை பிரித்து, எண்ணி, திரும்ப நீரிலேயே விட்டுவிடுவோம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் நீர்புகாத பட்டை ஒட்டாமல் இறங்குவதில்லை, ஏனென்றால் எலி நடமாடும் நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடும் நீரில் இறங்குவதே இல்லை.

நீரின் அளவையும் எடுத்தோம். பாதி நீர் நிரப்பிய சின்னக் குப்பியை மிதக்கவிட்டு ஐந்து மீட்டர் கடக்க எத்தனை விநாடி என்று பார்த்தோம். ஆறு தடவைக்குச் சராசரி 14 விநாடி. மேற்பரப்பு நீர் அடிநீரைவிட வேகமாக ஓடும் என்பதால் கிடைத்த வேகத்தை 0.85-ஆல் பெருக்க வேண்டும். விநாடிக்கு 0.30 மீட்டர் வந்தது. அகலம் 2.4 மீட்டர், சராசரி ஆழம் 18 செ.மீ. மூன்றையும் பெருக்கினால் விநாடிக்குச் சுமார் 130 லிட்டர். காலிக் குப்பியை விட்டால் காற்று தள்ளிக்கொண்டு போகும், கணக்குத் தப்பும். பாதி நிரப்பினால் அமிழ்ந்து நீரோடு போகும்.

யார் யார் இருந்தார்கள்

அடையாளம் காண்பதுதான் நேரம் தின்ற வேலை. இனம் வரை போக வேண்டியதில்லை, நெருங்கிய இனங்கள் சேர்ந்த குடும்பம் எதுவென்று தெரிந்தால் போதும் என்பது ஆறுதல். மேஃபிளைக்கு வயிற்றின் இருபுறமும் இலை போன்ற செவுள்கள், பெரும்பாலும் மூன்று வால். ஸ்டோன்ஃபிளைக்கு வயிற்றுப்புறம் வெறுமை, இரண்டு வால். இதை வாய்ப்பாடாக வைத்துக்கொண்டு மேலிடத்தில் ஸ்டோன்ஃபிளை 11 என்று எழுதினேன். மகள் லென்ஸை வைத்துக்கொண்டு வெகு நேரம் பேசவில்லை.

“அப்பா, இதுல ஏழுக்குக் கால் நுனியில நகம் ஒண்ணுதான் இருக்கு.”

“வால் ரெண்டுதானே இருக்கு?”

“வாலை விடுங்க. வயித்துல செவுள் அசையுதே, பாருங்க.”

அசைந்தது. மேஃபிளைகளில் ஹெப்டஜீனிடே என்ற குடும்பத்தில் சில வகைகளுக்கு வால் இரண்டுதான். ஆனால் மேஃபிளை எதுவானாலும் காலுக்கு ஒரு நகம், ஸ்டோன்ஃபிளைக்கு இரண்டு. பதினொன்று நான்கானது. அன்றிலிருந்து கடைசி வார்த்தை அவளுடையது.

இந்த ஹெப்டஜீனிடேதான் கதையின் நாயகர். மேலிருந்து யாரோ அழுத்தித் தட்டையாக்கியது போன்ற உடம்பு, பக்கவாட்டில் விரிந்த கால், தலை மேல் கண். வேகமான நீரில் கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டு, மேலே படரும் மெல்லிய பாசியைச் சுரண்டித் தின்னும். கல்லைத் தூக்கினால் நண்டு போல் பக்கவாட்டில் நழுவி மறுபக்கம் போய்விடும். அதற்கு வேண்டியது சுத்தமான கல்லும், கல்லுக்கும் படுகைக்கும் நடுவே ஓர் இடுக்கும்.

எண்ணி முடித்ததும் மதிப்பெண் போட்டோம். பிரிட்டனில் 1970-களில் உருவான பி.எம்.டபிள்யு.பி. என்ற முறை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண். ஆக்சிஜன் குறைந்தால் முதலில் ஓடிவிடும் குடும்பத்துக்கு 10, சாக்கடையிலும் தாக்குப்பிடிக்கும் மண்புழு வகைக்கு 1. எத்தனை தலை என்பது கணக்கில் வராது, குடும்பம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே. கூட்டினால் ஓடையின் மதிப்பெண். அதைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு குடும்பத்துக்கான சராசரி. அந்தப் பட்டியல் அந்த நாட்டு உயிர்களை வைத்துப் போட்டது, மற்ற நாடுகளில் திருத்திய பட்டியல்கள் உண்டு. ஆகவே என் எண்ணை வேறு ஓடையின் எண்ணோடு ஒப்பிட மாட்டேன். ஒரே ஓடையின் இரண்டு இடங்களை ஒரே பட்டியலால் அளப்பதில் தவறில்லை.

மேலிடம்: 18 குடும்பம், மொத்தம் 114, சராசரி 6.33. கீழிடம்: 13 குடும்பம், மொத்தம் 76, சராசரி 5.85.

நூறுக்கு மேல் என்றால் மிக நன்று, 71 முதல் 100 வரை நன்று என்று வழக்கமாகப் பிரிப்பார்கள். அப்படியானால் கீழிடமும் “நன்று”. என் புகாருக்குப் பக்கத்தில் இந்த எண்ணை வைத்தால் சிரிப்பார்கள். ஐந்து குடும்பம் காணவில்லையே, அது ஒன்றும் இல்லையா?

நீரைக் கேட்டபோது

நீரும் எனக்கு உதவவில்லை. பி.எச். இரண்டு இடத்திலும் 7.4-ஐ ஒட்டியே. நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் மேலிடத்தில் செ.மீ.க்கு 212 மைக்ரோசீமன்ஸ், கீழிடத்தில் 238. குழாய் ஏதோ கொஞ்சம் உப்பைச் சேர்க்கிறது, அவ்வளவே. நைட்ரேட் பட்டையில் இரண்டுக்கும் ஒரே வெளிறிய நிறம்.

கரைந்த ஆக்சிஜனை விங்க்ளர் முறையில் பார்த்தோம். 1888-ல் வந்த முறை, இன்னும் நம்பத் தகுந்தது, கொஞ்சம் வித்தை காட்டுவது போலவும் இருக்கும். பாட்டிலைக் குமிழி இல்லாமல் நிரப்பி மாங்கனீஸ் உப்பையும் காரம் கலந்த அயோடைடையும் விட்டால் பழுப்புத் திரள் இறங்கும். ஆக்சிஜன் அறவே இல்லாவிட்டால் திரள் வெள்ளை. பிறகு அமிலம் விட்டால் திரள் கரைந்து பொன்னிறம் வரும், மாவுக்கரைசல் சேர்த்தால் கருநீலம், தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட விட நீலம் சட்டென்று மறையும். மறைய எத்தனை மி.லி. ஆயிற்றோ அதுதான் விடை. முதல் பாட்டிலில் பட்டாணி அளவு குமிழி ஒன்று மூடிக்கடியில் இருந்தது, அதைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. குமிழிக்குள் இருக்கும் காற்றும் கணக்கில் சேர்ந்துவிடும். அமிலத்தைக் கையாளும் வேலை என்பதால் கண்ணுக்குக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். மிச்சத்தை ஓடையில் கொட்டாமல் புட்டியில் சேர்த்து எடுத்துவந்தோம்.

மதியம் 24 டிகிரி செல்சியஸில் மேலிடம் லிட்டருக்கு 7.9 மி.கி., கீழிடம் 8.0. அந்த வெப்பத்தில் நீர் தாங்கக்கூடியதே சுமார் 8.4தான். நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்றைந்து. கீழிடம்தான் ஒரு பிடி மேலே!

அப்போதும் விடவில்லை. பகலில் பாசி வெளிச்சத்தில் ஆக்சிஜனை விடும், இரவில் பாசியும் பாக்டீரியாவும் சேர்ந்து அதை இழுத்துக்கொள்ளும். கழிவு கலந்த ஓடையின் உண்மை நிறம் விடியலுக்குச் சற்று முன்தான் தெரியும். மதியம் 9 காட்டி, விடிகாலையில் 3 காட்டும் நீர்நிலைகள் உண்டு. அதைப் பிடித்துவிடலாம் என்று ஒரு நாள் நாலரை மணிக்கு டார்ச்சோடு போனோம். நீர் 21 டிகிரி. மேலிடம் 7.8, கீழிடம் 7.4. முகத்தில் அறைந்தது போல் நல்ல எண்கள். மகள் கொட்டாவி விட்டபடி, “குழாய் பாவம்ப்பா” என்றாள்.

காணாமல் போனவர்களின் பட்டியல்

திரும்பி வந்து மதிப்பெண்ணை மறந்துவிட்டுத் தலை எண்ணிக்கையை அருகருகே எழுதிப் பார்த்தோம். இதை முதல் வாரமே செய்திருக்கலாம்.

ஹெப்டஜீனிடே மேலே 38, கீழே 0. ஸ்டோன்ஃபிளை 4, 0. விரல் போன்ற நுண்ணிய பட்டு வலை கட்டும் ஃபிலோபொட்டமிடே என்ற கேடிஸ்ஃபிளை 9, 0. கல்மேல் ஒட்டி விசிறி விரித்து உணவு வடிக்கும் கருப்பு ஈக் குடும்பத்தின் இளவுயிர் 23, 0. கல் இடுக்கில் ஊரும் எல்மிடே வண்டு 7, 0. வலை பின்னி உணவு பிடிக்கும் இன்னொரு கேடிஸ்ஃபிளை, ஹைட்ரோசைக்கிடே, 52, 6.

கீழிடத்தில் பெருகியவர்களும் இருந்தார்கள். கைரோனோமிடே என்ற ஈக் குடும்பத்தின் புழு 40-லிருந்து 66. மணலில் புதைந்து கிடக்கும் கோம்ஃபிடே தும்பி 2-லிருந்து 11. சீனிடே என்ற குட்டி மேஃபிளை 6-லிருந்து 71!

அசையாமல் இருந்தவர்கள்தான் என்னை நிறுத்தினார்கள். லெப்டோஃப்ளெபிடே என்ற மேஃபிளை மேலே 15, கீழே 12. பட்டியலில் அதற்கு முழு 10 மதிப்பெண், அதாவது ஆக்சிஜன் விஷயத்தில் பெரிய செல்லப்பிள்ளை. கழிவுதான் காரணம் என்றால் ஹெப்டஜீனிடேயோடு சேர்ந்து அதுவும் போயிருக்க வேண்டும். அது ஏன் போகவில்லை? எங்கள் ஓடையில் அது இருப்பது கரையோர இலைக்குவியலிலும் வேரிலும். போனவர்கள் எல்லாரும் கல்லுக்கடியில், கல்மேல், கல் இடுக்கில் குடியிருந்தவர்கள், அல்லது ஓடும் நீரில் உணவு வடித்துத் தின்றவர்கள். வந்தவர்கள் மணலிலும் சேற்றிலும் புரள்பவர்கள். சீனிடேயை லென்ஸில் பார்த்தால் முதுகில் இரண்டு சதுர மூடி தெரியும். அது ஒரு ஜோடிச் செவுள், தடித்து மூடியாக மாறி, பின்னாலிருக்கும் மென்மையான செவுள்களின் மேல் கவிழ்ந்து வண்டல் படியாமல் காக்கிறது. தூசிக்குக் குடை பிடித்துக்கொண்டு வாழ்கிற ஆள்.

ஆக, கீழே போனவர்களுக்கு மூச்சு முட்டவில்லை, வீடு போயிருக்கிறது. நான் பயன்படுத்திய மதிப்பெண் முறை சாக்கடையை மோப்பம் பிடிக்கப் பழக்கிய நாய். வண்டலுக்கு அது குரைக்காது. சீனிடே ஒன்று இருந்தாலும் எழுபத்தொன்று இருந்தாலும் அதற்கு ஒரே 7 மதிப்பெண். வண்டலைத் தாங்கும், தாங்காத குடும்பங்களைப் பிரித்துப் பார்க்கும் தனி அளவுகோல்களும் இருக்கின்றன என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நடுவிடமும் அடி வெட்டிய வாளியும்

வண்டல் என்றால் எங்கிருந்து? குழாயா, மண்பாதையா? நடுவில் ஓரிடம் தேவைப்பட்டது. குழாய்க்குக் கீழே, பாதைக்கு மேலே, அந்த நாற்பது மீட்டருக்குள் ஒரு சலசலப்பு இருந்தது. அங்கே வலை போட்டோம். 17 குடும்பம், மொத்தம் 109. ஹெப்டஜீனிடே 29. மின்கடத்துத்திறன் 241, அதாவது குழாயின் நீர் அங்கே கலந்தே இருக்கிறது. இருந்தும் ஆட்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

அந்த மாலை குழாயைப் பார்த்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

வண்டலை அளக்க ஒரு பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி எடுத்தேன். அதைப் படுகையில் அழுத்தித் திருகி நிறுத்தினால் உள்ளே நீர் தேங்கும். பத்து செ.மீ. ஆழம் வரை ஒரு கம்பியால் ஒரு நிமிடம் கலக்கி, உடனே ஒரு லிட்டர் முகர்ந்து, தெளிந்த கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஒரு நாள் அசையாமல் வைக்க வேண்டும். அடியில் படியும் உயரத்தை அளவுகோலால் பார்ப்பது. வாளிக்குள் நீரின் உயரம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கணக்கு உதவாது. இடத்துக்கு ஐந்து தடவை எடுத்த சராசரி: மேலிடம் 3 மி.மீ., நடுவிடம் 4, கீழிடம் 19.

கல்லையும் பார்த்தோம். குறுக்கும் நெடுக்குமாக நடந்து, காலடி படும் இடத்தில் பார்க்காமல் விரலை வைத்து, முதலில் படும் கல்லை எடுத்து அளப்பது, இப்படி நூறு. கண்ணால் பார்த்து எடுத்தால் கை தானாகவே அழகான பெரிய கல்லுக்குப் போகும். கீழிடத்தில் கல் இருந்தது, ஆனால் பாதிக்கு மேல் மாவில் பதித்த முந்திரி போல் புதைந்திருந்தது. பிடுங்கினால் அடியில் இடுக்கு இல்லை, வழவழவென்று மண். பல மாதம் அந்தக் கல்லின் மேல் நின்றிருக்கிறேன். மேலே ஓடுவது பளிங்குத் தண்ணீர்.

மிச்சமிருந்தது சாட்சி. மழை பிடித்த ஒரு பிற்பகல் குடையோடு ஓடினோம். அடியில் கறுப்பு வெள்ளைக் குறி ஒட்டிய நீள் குழாயில் கலங்கல் நீரை ஊற்றி, குறி மறையும் உயரத்தைப் பார்ப்பது. பாதைக்கு மேலே 54 செ.மீ. வரை குறி தெரிந்தது. பாதைக்குக் கீழே 11. வண்டித் தடம் இரண்டும் இரண்டு வாய்க்காலாக மாறி, இரு சரிவிலிருந்தும் செம்மண் குழம்பை நேராக ஓடைக்குள் இறக்கிக்கொண்டிருந்தன. மழை நின்று ஒரு மணி நேரத்தில் நீர் மறுபடி தெளிந்துவிட்டது. பகல் வெயிலில் நடக்கப் போகிற ஆளுக்கு இது எப்படித் தெரியும்?

பாதையில் செய்த வேலை

அந்தப் பாதையைப் பயன்படுத்துபவர்கள் நாலைந்து வீட்டார். இரண்டு பாட்டிலையும் கொண்டுபோய்க் காட்டினேன், 3 மி.மீ.யும் 19 மி.மீ.யும். எண்களைப் பேசியிருந்தால் கேட்டிருப்பார்களா தெரியாது, பாட்டில் பேசியது. அவர்களுக்கும் அந்தச் சரிவில் சக்கரம் புதைவது தொல்லையாகவே இருந்தது.

நீர் குறைந்த மாதம் பார்த்து இரண்டு வாரக்கடைசியில் முடித்தோம். இருபுறச் சரிவிலும் ஓடையிலிருந்து ஆறு மீட்டர் வரை கல் பரப்பி இறுக்கினோம். அதற்கு மேலே பாதையின் குறுக்கே சாய்வாக மூன்று தாழ்ந்த வரப்பு. வழிந்து வரும் நீரை அவை ஓரப் புல்லுக்குள் திருப்பிவிடும், புல் மண்ணை வடிகட்டிக்கொள்ளும். வரப்பை நேர்க்குறுக்காகப் போட்டால் நீர் தேங்கி உடைத்துக்கொண்டு போகும். முதல் வரப்பை நான் அப்படித்தான் போட்டேன், முதல் தூறலிலேயே அது போயிற்று. ஓடைக்குள் இறங்கி வண்டலை அள்ளலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றேன். கிளறினால் எல்லாம் இன்னும் கீழே போய் அடுத்த சலசலப்பை மூடும். வரத்து நின்றால் அடுத்த வெள்ளங்கள் தாமே கழுவட்டும்.

இரண்டு மாதம் கழித்து வாளிச் சோதனையில் கீழிடம் 12 மி.மீ. பூச்சிக் கணக்கில் ஏறக்குறைய மாற்றமில்லை, ஹெப்டஜீனிடே பூஜ்யமே. எனக்குச் சோர்வாகத்தான் இருந்தது. ஆனால் மேலே அந்தக் குடும்பம் நலமாக இருக்கிறது. இருட்டியதும் இந்த இளவுயிர்கள் கல்லை விட்டு நீரோடு மிதந்து புது இடம் தேடும் வழக்கம் உண்டு. வீடு காலியானால் குடிவர ஆள் தயார்.

போன வாரம் மறுபடி போனோம். வண்டல் 7 மி.மீ. கருப்பு ஈ இளவுயிர் 9. ஹைட்ரோசைக்கிடே 21. சீனிடே 71-லிருந்து 34-க்கு இறங்கியிருக்கிறது. ஸ்டோன்ஃபிளையும் ஃபிலோபொட்டமிடேயும் இன்னும் வரவில்லை. குழாயின் மின்கடத்துத்திறனை மட்டும் மாதம் ஒருமுறை குறித்துவருகிறேன், முழு விடுதலை இன்னும் கொடுக்கவில்லை.

ஹெப்டஜீனிடே ஐந்து. நான்கு வலையில் விழுந்தன. ஐந்தாவது விழவில்லை. மகள் தூக்கிய ஒரு கல்லின் அடியில் ஒட்டிக்கொண்டு, இடுக்கி போன பக்கமெல்லாம் மறுபக்கம் நழுவி, தட்டுக்கு வர மறுத்தது. கல்லோடு சேர்த்தே எண்ணிக்கொண்டு, எடுத்த பள்ளத்திலேயே அதே பக்கம் கீழாகக் கல்லைத் திரும்ப வைத்தாள்.